ஏழு சத்து மாத்திரை சாப்பிட்டும் சர்க்கரை ஏன் ஏறுகிறது?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 46. நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலை. உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 94 செ.மீ. இறைச்சி, மீன், முட்டை சாப்பிடுவதில்லை, பாலும் குறைவு. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு சர்க்கரை 'பார்டரில்' இருக்கிறது என்று மருத்துவர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைத் தொடங்கினார். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு பரிசோதனையில் வைட்டமின் டி குறைவாக, 12 என்று வந்தது. எட்டு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லி மருத்துவர் அதிக அளவில் வைட்டமின் டி எழுதிக் கொடுத்தார். அதற்குள், 'சர்க்கரைக்கு வேரே வைட்டமின் குறைபாடுதான்' என்று சொல்லும் காணொளிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றாகச் சேர்ந்து இன்று தினமும் ஏழு மாத்திரை: வைட்டமின் டி 10,000 யூனிட், வைட்டமின் ஈ 400 யூனிட், முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் 10 மில்லிகிராம், பி6 100 மில்லிகிராம் உள்ள 'நரம்பு மாத்திரை', மக்னீசியம், குரோமியம், ஒமேகா-3. எல்லாவற்றையும் காலையில் ஒரு பெரிய டம்ளர் பழச்சாறோடு விழுங்குகிறார். "மெட்ஃபார்மின் கெமிக்கல், வைட்டமின் இயற்கை" என்று ஐந்து மாதங்களுக்கு முன் மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார். மருத்துவரிடம் சொல்லவில்லை.

இப்போது மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 6.0-லிருந்து 6.4 ஆகிவிட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 118, ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 212, நல்ல கொலஸ்ட்ரால் 39, ரத்த அழுத்தம் 134/86. ஓராண்டாக இரவில் பாதங்களில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது. போன வாரம் எடுத்த தைராய்டு பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) மிகக் குறைவு, டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அதிகம் என்று வந்திருக்கிறது. மருத்துவரைப் பார்க்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதுவரை சாப்பிடச் சொல்லி உறவினர் ஒருவர் தன்னிடம் மீதமிருந்த தைராய்டு மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்.

அவர் கேட்பவை: வைட்டமின் அளவெல்லாம் சரியானால் சர்க்கரையும் சரியாகிவிடும்தானே? அதிகமானால் சிறுநீரில் போய்விடும், அதனால் ஆபத்தில்லைதானே? ஆராய்ச்சிகள் நேற்று ஒன்று, இன்று ஒன்று சொன்னால் எதை நம்புவது? தானியத்தை அறவே விட இரண்டு முறை முயன்று மூன்று வாரத்தில் தோற்றுவிட்டேன், எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா? கடைசியாக, 19 வயது மகளும் இதே பயோட்டின் குப்பியிலிருந்து எடுத்துச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறாள், பரவாயில்லையா?

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் அக்கறையில் குறையே இல்லை. எண்களை இவ்வளவு ஒழுங்காகக் குறித்து அனுப்பியவர்கள் குறைவு. ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப்போவதில்லை. அவசரமானது முதலில் வர வேண்டும்.

அந்தத் தைராய்டு மாத்திரையைத் தொடாதீர்கள்

பயோட்டின் பி வகை வைட்டமின்களில் ஒன்று. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 மைக்ரோகிராம் இருந்தால் போதும். நீங்கள் விழுங்குவது 10,000 மைக்ரோகிராம், தேவையைப் போல 300 மடங்குக்கும் மேல். இது உங்கள் தைராய்டைக் கெடுக்கவில்லை. லேப் கருவியை ஏமாற்றுகிறது.

பல லேப்களில் ஹார்மோனை அளக்கும் முறையே பயோட்டினைப் பசை போலப் பயன்படுத்துகிறது. ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தின் மீது பயோட்டின் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும்; அந்த ஒட்டுதலை வைத்துத்தான் கருவி கணக்கெடுக்கிறது. உங்கள் ரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பி வழிந்தால், ஒட்ட வேண்டிய இடங்களையெல்லாம் அது முந்திக்கொண்டு பிடித்துவிடும். அப்போது டிஎஸ்ஹெச் உண்மையைவிடக் குறைவாகவும், டி4 உண்மையைவிட அதிகமாகவும் அச்சாகி வரும். பார்ப்பவருக்கு அது தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நோயைப் போலவே தெரியும். உங்கள் அறிக்கை அப்படியே அந்த அச்சில் இருக்கிறது. படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை, எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காகிதம் ஒன்று சொல்கிறது, உடம்பு வேறொன்று சொல்கிறது. இப்படி இருக்கும்போது காகிதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

2017-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டுபிடிக்க உதவும் ட்ரோபோனின் பரிசோதனையும் பயோட்டினால் தவறாகக் குறைந்து காட்டலாம் என்றும், அப்படித் தவறாக வந்த ஒருவர் இறந்துபோனதாகத் தகவல் வந்திருக்கிறது என்றும் அந்த எச்சரிக்கை சொன்னது. எனவே நெஞ்சுவலி என்று எந்த மருத்துவமனைக்குப் போனாலும், 'பயோட்டின் சாப்பிடுகிறேன்' என்பது வாசலிலேயே சொல்ல வேண்டிய விஷயம்.

இன்றே பயோட்டினை நிறுத்துங்கள். குறைந்தது இரண்டு நாள் இடைவெளி வேண்டும் என்பார்கள். உங்கள் அளவு அதிகம், கையில் பத்து நாளும் இருக்கிறது. ஒரு வாரம் விட்டுவிட்டுத் தைராய்டு பரிசோதனையை மறுபடி எடுங்கள். நரம்பு மாத்திரையின் லேபிளிலும் பயோட்டின் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். மறு பரிசோதனையிலும் அதே முடிவு வந்தால் அது உண்மையான பிரச்சினை. உங்கள் மருத்துவர் பார்த்துக்கொள்வார். உறவினரின் மாத்திரையை அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

பாதத்தில் ஊரும் எறும்பு

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதி விட்டுவிட்டீர்கள்.

இதற்குக் காரணமாக மூன்று பேர்மீது எனக்குச் சந்தேகம். முதலாவது பி12 குறைபாடு. பி12 இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் போன்ற விலங்குவழி உணவுகளில்தான். அதில் பெரும்பகுதி உங்கள் தட்டில் இல்லை. அதோடு மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுத்தால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். நெதர்லாந்தில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஒரு சோதனையில், மெட்ஃபார்மின் எடுத்தவர்களின் பி12 அளவு, மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் 19 சதவீதம் குறைந்திருந்தது. வரும் வழியும் குறுகல், உள்ளே நுழையும் வாசலும் குறுகல். கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான பி12 சேமிப்பு இருப்பதால் உடனே தெரியாது. சேமிப்பு கரைந்த பிறகே பாதம் பேச ஆரம்பிக்கும். மூன்று ஆண்டு மெட்ஃபார்மினுக்குப் பிறகு உங்களுக்கு இது தொடங்கியிருக்கிறது என்பது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது.

இரண்டாவது, பி6. உங்கள் வயதில் தேவை நாளுக்கு 1.3 மில்லிகிராம். நீங்கள் எடுப்பது 100. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்தது. காரணம், பி6 நீண்ட நாள் அதிகமானால் உணர்வு நரம்புகளையே பாதிக்கும்: எரிச்சல், குத்தல், மரத்துப்போதல். உங்கள் தொந்தரவு மாத்திரைக்கு முன்பே தொடங்கியதால் அதைத் தொடங்கிவைத்தது பி6 என்று சொல்ல முடியாது. ஆனால் நரம்புக்காக வாங்கிய மாத்திரையே தொந்தரவை வளர்த்துக்கொண்டிருக்கலாம். மூன்றாவது, சர்க்கரை. பார்டர் நிலையிலேயே சிலருக்கு நரம்பு பாதிக்கப்படுகிறது.

மூன்றில் பி12-ஐ முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ முழுதாகத் திரும்ப முடியும். தாமதித்தால் நரம்புச் சேதம் நிலைத்துவிடலாம். இதில் ஒரு சிக்கல், பயோட்டின் சில லேப்களில் பி12, வைட்டமின் டி அளவுகளையும் பொய்யாகக் கூட்டிக் காட்டும். நரம்பு மாத்திரையில் கொஞ்சம் பி12 இருந்தால் அதுவும் ரத்த அளவை உயர்த்தும். ஆகவே பயோட்டின் இல்லாத அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு எல்லாப் பரிசோதனையையும் ஒன்றாக எடுங்கள். அளவு எல்லைக்கோட்டில் வந்தால் 'மீத்தைல்மலோனிக் அமிலம்' என்ற இன்னொரு பரிசோதனை உண்மையைச் சொல்லும். மருத்துவரிடம் அந்தப் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஏழு மாத்திரை எடுத்தும், தேவைப்பட்டிருக்கக்கூடிய ஒன்றை இதுவரை யாரும் அளந்துகூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வைட்டமின் டி ஏறினால் சர்க்கரை இறங்குமா?

நீங்கள் பார்த்த காணொளிகள் முழுப் பொய் சொல்லவில்லை. வைட்டமின் டி குறைந்தவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்பது பல ஆய்வுகளில் பார்த்த உண்மை. கேள்வி, எது எதை இழுக்கிறது என்பதுதான்.

உங்கள் எண்களை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். வயிற்றுச் சுற்றளவு அதிகம், ட்ரைகிளிசரைடு 150-க்கு மேல், நல்ல கொலஸ்ட்ரால் பெண்களுக்கான 50-க்குக் கீழ், ரத்த அழுத்தம் 130/85-க்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்கு மேல். இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே வளர்சிதை மாற்றக் கோளாறு என்கிறோம். உங்களிடம் ஐந்தும் இருக்கின்றன. இவை ஐந்து தனித்தனி நோய்கள் இல்லை. தோலுக்கடியில் இடம் போதாமல் கொழுப்பு கல்லீரலிலும் வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் சேர்ந்துவிட்டது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காது. நீங்கள் தூங்கும்போதும் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் 118 வருவது அதனால்தான். மிஞ்சிய கொழுப்பை ட்ரைகிளிசரைடாக ஏற்றுமதி செய்யும். அது ஏற ஏற நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும்.

வைட்டமின் டி இந்தக் கதைக்குள்தான் வருகிறது. அது கொழுப்பில் கரைவது, அதனால் உடலில் கொழுப்பு கூடும்போது ரத்தத்தில் அதன் அளவு குறைவாகக் காட்டும். அறைக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு வெயிலும் படாது. உட்கார்ந்த வாழ்க்கை ஒரு பக்கம் சர்க்கரையை ஏற்றுகிறது, இன்னொரு பக்கம் வைட்டமின் டி-யைக் குறைக்கிறது. இரண்டும் ஒரே அறிக்கையில் வந்ததால் ஒன்று மற்றொன்றின் வேர் போலத் தெரிகிறது.

இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2019-இல் வெளியான டி2டி என்ற ஆய்வில், உங்களைப் போலப் பார்டரில் இருந்த 2,423 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் 4,000 யூனிட் வைட்டமின் டி, மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. சுமார் இரண்டரை ஆண்டு முடிவில் சர்க்கரை நோய் வந்தவர்கள் வைட்டமின் குழுவில் 293, போலி மாத்திரைக் குழுவில் 323. வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவுக்குச் சிறியது. அப்புறம் 2023-இல் இதையும் இது போன்ற வேறு இரண்டு சோதனைகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 15 சதவீதம் ஆபத்துக் குறைவு தெரிந்தது. அதை வைத்து, சர்க்கரை நோய்க்கு மாறும் ஆபத்து அதிகமுள்ள பார்டர் நிலையினருக்கு, வாழ்க்கை முறை மாற்றத்தோடு சேர்த்து வைட்டமின் டி தரலாம் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2024-இல் பரிந்துரைத்தது. எனவே வைட்டமின் டி வீண் என்று நான் சொல்லவில்லை. 12 என்ற அளவை எலும்புக்காகவே சரிசெய்ய வேண்டும். ஒரு சிறு துணையாகச் சர்க்கரைக்கும் உதவலாம்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைக்கிறேன். 2002-இல் முடிவு வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 3,234 பேர். எடையில் 7 சதவீதம் குறைப்பு, வாரம் 150 நிமிடம் நடை. இந்த இரண்டை மட்டும் இலக்காக வைத்த குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் குழுவில் 31 சதவீதம். உங்கள் எடையில் 7 சதவீதம் என்பது 5 கிலோ.

அதிகமானால் சிறுநீரில் போய்விடுமா?

நீரில் கரையும் வைட்டமின்கள் ஓரளவு போகும். ஆனால் பி6 போவதற்குள் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை, உடலில் தங்குபவை. வைட்டமின் டி-யை மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் அதிகமாக எடுப்பது சிகிச்சை. அதன் பிறகும் தினமும் 10,000 யூனிட் எடுப்பது, பொதுவான உச்ச வரம்பான 4,000-ஐப் போல இரண்டரை மடங்கு. தேங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்: தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், சிறுநீரகக் கல். இதில் முதல் இரண்டும் சர்க்கரை ஏறியதன் அறிகுறி போலவே இருப்பதால், அதிகமான வைட்டமினைச் சர்க்கரை என்று நினைத்து இன்னும் அதிகமாக விழுங்குபவர்களும் உண்டு. கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு, வைட்டமின் டி மூன்றையும் பார்த்து, இனி எவ்வளவு என்று மருத்துவர் சொல்லும் வரை அந்தக் குப்பியை மூடி வையுங்கள்.

வைட்டமின் ஈ-யை இன்றோடு விட்டுவிடலாம். உங்கள் மூன்றாவது கேள்விக்கும் இதன் கதையே பதில். 1993-இல் செவிலியர்களைப் பல ஆண்டு கவனித்த ஒரு பெரிய ஆய்வில், வைட்டமின் ஈ மாத்திரை எடுத்த பெண்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. உலகமே வாங்கியது. பிறகு 2000-இல் வெளியான ஒரு சோதனையில், 9,500-க்கும் மேற்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போலப் பிரித்து, 400 யூனிட்டும் போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். பலன் இல்லை. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து, 2011-இல் முடிவு வெளியான இன்னொரு சோதனையில், அதே 400 யூனிட் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது. உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டினும் அப்படித்தான். புகைபிடிக்கும் ஃபின்லாந்து ஆண்களிடம் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று கொடுத்தார்கள், 1994-இல் 18 சதவீதம் கூடுதல் என்று முடிவு வந்தது.

ஆராய்ச்சி மனம் மாறிக்கொண்டது போல இது தெரியும். உண்மையில் நடந்தது வேறு. தானாக விரும்பி வைட்டமின் வாங்கிச் சாப்பிடுபவர் பெரும்பாலும் நடைப்பயிற்சி போகிறவர், புகைக்காதவர், பரிசோதனைக்குத் தவறாமல் வருகிறவர். கவனித்து மட்டும் பார்க்கும் ஆய்வில் அந்த நல்ல பழக்கங்களின் பலனெல்லாம் மாத்திரையின் கணக்கில் சேர்ந்துவிடும். குலுக்கிப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மனிதர்கள் இருப்பார்கள். மாத்திரை தனியாக என்ன செய்கிறது என்பது தெரிந்துவிடும். இனி ஒரு செய்தியைப் பார்க்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கவனித்தார்களா, பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்களா? பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

குரோமியம் சர்க்கரையைக் குறைக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. உங்கள் ட்ரைகிளிசரைடைக் குறைக்கக் கடையில் வாங்கும் ஒமேகா-3-இன் அளவு போதாது. மக்னீசியம் கொட்டைகள், பருப்பு, கீரையிலேயே கிடைக்கும்.

கெமிக்கல், இயற்கை

மெட்ஃபார்மினின் பூர்வீகம் ஒரு செடி. கலேகா அஃபிஸினாலிஸ் என்ற அந்தச் செடியில் இருந்த ஒரு பொருளைத் தொடர்ந்து போய்த்தான் மெட்ஃபார்மினை அடைந்தார்கள். 1957-இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். மறுபக்கம், கடையில் கிடைக்கும் வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தில் படியும் மெழுகை எடுத்து, ஆலையில் பதப்படுத்திச் செய்வது. சைவம் கடைப்பிடிக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். லைக்கன் என்ற மரப்பாசியிலிருந்து எடுத்த டி3-யும் உண்டு. இரண்டு மாத்திரையும் ஆலையில்தான் தயாராகின்றன. எது உங்களுக்குப் பலன் தருகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்போம்.

ஐந்து மாதத்தில் 6.0 என்பது 6.4 ஆனது. 6.5 வந்தால் பெயர் மாறி, சர்க்கரை நோய் என்றாகிவிடும். மெட்ஃபார்மினைத் திரும்பத் தொடங்குவதா என்பதை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். தொடங்கினால் ஆண்டுக்கொரு முறையாவது பி12 பார்க்க வேண்டும். மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் உணவையும் நடையையும் மட்டும் வைத்து முயல்கிறேன் என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அதை அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நிறுத்திய விஷயத்தை மறைக்காதீர்கள். நீங்கள் மெட்ஃபார்மின் எடுத்தும் சர்க்கரை ஏறிவிட்டது என்று நினைத்து அவர் இன்னொரு மருந்தைச் சேர்த்துவிடுவார். ஹீமோகுளோபினையும் இரும்புச்சத்தையும்கூடப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைபாடு ஹெச்பிஏ1சி-யைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்.

தட்டுக்கு வருவோம்

தானியத்தை அறவே விட முடியாமல் போனது உங்கள் மனத்தின் பலவீனம் இல்லை. இறைச்சி, மீன், முட்டை இல்லாத ஒருவர் தானியத்தையும் எடுத்துவிட்டால் தட்டில் என்ன மிஞ்சும்? மூன்று வாரம் தாக்குப்பிடித்ததே பெரிது.

அது தேவையும் இல்லை. 2018-இல் வெளியான ஒரு சோதனையில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மாவுச்சத்தைக் குறைக்கவும் மறுபாதியைக் கொழுப்பைக் குறைக்கவும் சொன்னார்கள். ஓராண்டு முடிவில் முதல் குழு சராசரியாக 6 கிலோவும் இரண்டாவது குழு 5.3 கிலோவும் குறைந்தன. பெரிய வேறுபாடு இல்லை. இரண்டு குழுவுக்கும் சொன்ன பொதுவான அறிவுரை என்ன தெரியுமா? சேர்த்த சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள், முடிந்தவரை வீட்டில் சமையுங்கள். 2019-இல் வெளியான ஆய்வில் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஒரு மாதம் ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் பக்குவப்படுத்திய பாக்கெட் உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் தங்களுக்கே தெரியாமல் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, 0.9 கிலோ ஏறினார்கள்.

உங்கள் நாளில் முதலில் கைவைக்க வேண்டியது அந்தக் காலைப் பழச்சாறு. 300 மில்லி சாற்றில் 25 முதல் 30 கிராம் சர்க்கரை இருக்கும். உலக சுகாதார நிறுவனம் சாற்றின் சர்க்கரையை, நாம் அள்ளிப் போடும் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் சேர்க்கிறது. அதை நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது. வெறும் வயிற்றில் ஒரே மடக்கில் வரும் அந்தச் சர்க்கரையில் பாதியளவு ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. அதில் பெரும்பகுதி கல்லீரலுக்குத்தான் போகிறது. வைட்டமினைக் கழுவி இறக்க, ஏற்கனவே கொழுப்பேறிய கல்லீரலுக்கு அன்றாடம் விருந்து வைத்திருக்கிறீர்கள். பழத்தைப் பழமாகக் கடித்துச் சாப்பிடுங்கள். அதில் தடையே இல்லை.

தானியம் இருக்கட்டும். அளவைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, சோயா ஆகியவற்றைக் கூட்டுங்கள். புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்தே வரும். நாளுக்கு 25 முதல் 29 கிராம் நார்ச்சத்து எடுப்பவர்களுக்கு இதய நோயும் சர்க்கரை நோயும் குறைவு என்று 2019-இல் வெளியான பெரிய மீளாய்வு காட்டியது. சாப்பிடும்போது காய்கறியையும் பருப்பையும் முதலில், தானியத்தைக் கடைசியில் சாப்பிட்டுப் பாருங்கள். சிறிய ஆய்வுகள்தான் இருக்கின்றன, ஆனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை இதனால் குறைவாகவே ஏறுகிறது. செலவும் இல்லை, பக்கவிளைவும் இல்லை. சாப்பிட்டு எழுந்ததும் பத்து நிமிடம் நடந்தால், இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே தசை சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். மூன்று வேளையும் நடந்தால் வாரத்துக்கு 210 நிமிடம். அந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வு கேட்டது 150 மட்டும்தான்.

மருத்துவரிடம் போகும் நாளில்

ஏழு குப்பியையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் சொன்னால் போதாது, லேபிளில் உள்ள அளவை அவர் பார்க்க வேண்டும். பயோட்டினை நிறுத்திய தேதியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதத்தின் கதையைக் கடைசியில் வைக்காமல் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உணர்வு எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் நடக்கும்போது தள்ளாட்டம், கடுமையான தாகத்தோடு வாந்தி, மனக்குழப்பம், பாதத்தில் ஆறாத புண் இவற்றில் ஏதாவது வந்தால் பத்து நாள் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

மகள் விஷயம். பயோட்டின் குறைபாட்டால் முடி கொட்டுவது மிக அரிது. 19 வயதில் முடி கொட்டினால் முதலில் பார்க்க வேண்டியது இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், அடுத்து தைராய்டு. அந்தத் தைராய்டு பரிசோதனையையே பயோட்டின் கெடுத்துவிடும் என்பதால் அவரும் இன்றே நிறுத்தட்டும். வீட்டில் அதே சாப்பாட்டைத்தான் அவரும் சாப்பிடுகிறார் என்றால் பி12-ஐயும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஒரு வாரம் கழித்து நீங்கள் லேபுக்குப் போகும் காலையில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.